கையறுநிலையும் தொடாக்காஞ்சியும்: போருக்குப் பின் எழுந்த இரு படங்கள்

மாண்டாரை எண்ணி எஞ்சியோர் புலம்புவது கையறுநிலை. புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தீண்டாவண்ணம் மனைவி காத்து நிற்பது தொடாக்காஞ்சி. இவ்விரண்டனையும் தொல்காப்பியர் காஞ்சித்திணை என்னும் ஒரே கூரையின்கீழ் வைத்தார். பள்ளிப் பருவத்தில் இவற்றை மனப்பாடம் செய்தபோது மதிப்பெண்ணுக்கு மேல் நாம் எதனையும் எண்ணவில்லை. கையறுநிலை பின்னரும் நம்மை விட்டு நீங்கவில்லை. பாரியை இழந்த கபிலரையும் அதியமானை இழந்த ஔவையாரையும் மேடைதோறும் கேட்டுக் கண்கலங்குகிறோம். ஆனால், தொடாக்காஞ்சியை நினைவில் வைத்திருப்போர் நம்முள் எத்தனை பேர்?

புறநானூற்றில் அரிசில்கிழார் பாடிய 281ஆம் பாட்டு அத்துறைக்குரியது. மனையில் இரவமும் வேம்பும் செருகி, யாழும் பிற இயங்களும் ஒலிக்கச் செய்து, ஐயவி சிதறி, மணி அடித்து, நறும்புகை எழுப்பி, காஞ்சிப்பண் பாடிக் காப்போம் வா என்று ஒரு பெண் தன் தோழியை அழைக்கிறாள். அப்பாட்டில் போர் இல்லை, வெற்றியும் இல்லை. புண்பட்ட ஒருவன் கிடக்கும் வீடும், அவ்வீட்டில் இரவு முழுவதும் விழித்திருக்கப் போகும் பெண்களுமே இருக்கின்றனர். நெடுநல்வாடையின் இறுதிப் பகுதியையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். வாடை வீசும் நள்ளிரவில், தூறலும் ஓயாத வேளையில், அரசன் துயில் நீத்துப் பாசறையில் புண்பட்ட வீரரைக் காணச் செல்கிறான். யார் யார் எவ்வாறு புண்பட்டனர் என்று முன்செல்வோன் சுட்டிக்காட்ட, ஒவ்வொருவரையும் முகங்கொடுத்துக் காண்கிறான். நக்கீரர் அக்காட்சியோடு தம் பாட்டை முடித்துக்கொண்டது தற்செயல் அன்று என்பது நம் எண்ணம்.

துயருற்ற ஒருவர் படம் எடுக்கப் புகும்போது அவர் கையில் முதலில் கிடைப்பது கையறுநிலையே. இறந்தவரின் ஒளிப்படம், கடிதம், அவர் நடந்த தெரு, கல்லறை ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினாலே ஒரு படம் உருவாகிவிடும். காண்போர் அழவும் செய்வர். அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயின், போரில் ஒருவரை இழந்தவர் எடுக்கும் படத்தை அளக்க நமக்கு வேறொரு கோல் வேண்டியிருக்கிறது. இறந்தவனைத் தேடிச் செல்லும் அப்படம், உயிரோடு திரும்பியும் உறக்கம் இன்றித் தவிப்பவனை வழியில் எங்கேனும் சந்திக்கிறதா? கையறுநிலையில் தொடங்கித் தொடாக்காஞ்சியை எட்டுகிறதா? இக்கேள்வியோடு இரண்டு அமெரிக்க ஆவணப் படங்களைக் காண்போம்.

முதலாவது, பார்பரா சோன்னபார்ன் அம்மையார் 1998-இல் நிறைவு செய்த 'ரிக்ரெட் டு இன்ஃபார்ம்'. 'அறிவிக்க வருந்துகிறோம்' என்பது அத்தலைப்பின் பொருள். வியட்நாம் போரில் மாண்ட வீரர்தம் வீடுகளுக்கு அமெரிக்கப் படைத்துறை அனுப்பிய தந்தியை நினைவூட்டும் சொற்கள் இவை.

தந்தி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பிழைப்பு நாடி ஊரைவிட்டு வந்த நம் குடும்பங்களுக்குத் தந்தியின் பொருள் தெரியும். தந்திச் சேவகரின் மிதிவண்டி வாசலில் நின்றால், உறையைப் பிரிக்கும் முன்னரே அடுக்களையில் அழுகை எழுந்துவிடும். அது பெரும்பாலும் ஊரில் ஒருவர் மறைந்த செய்தியாகவே இருக்கும். வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 2013-இல் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது நம்மில் மூத்தோர் பலர் அதற்காக வருந்தவில்லை; பெருமூச்சு மட்டுமே விட்டனர். ஆதலால், இப்படத்தின் தலைப்பை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

சோன்னபார்ன் அம்மையாருக்கு அச்செய்தி வந்தது 1968-இல், அவருடைய 24ஆம் பிறந்தநாளன்று. குண்டுவீச்சுக்கு இடையே தம் வானொலி இயக்குநரை மீட்கப் பதுங்குகுழியிலிருந்து வெளியேறிய கணவர் உயிரிழந்தார். அம்மையார் அப்போது திரைப்படக் கலைஞர் அல்லர். பின்னரும் ஒளிப்படத்திலும் ஓவியச் சிற்பக் கலைகளிலுமே ஈடுபட்டிருந்தார், மறுமணமும் செய்துகொண்டார். இருபது ஆண்டுகள் சென்றபின், 1988-இல், ஏதேனும் செய்தாக வேண்டும் என்னும் உறுதி அவருக்குப் பிறந்தது. மறைந்த கணவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். போரில் கணவரை இழந்த பிற பெண்களைத் தேடினார். 1992-இல் வியட்நாமுக்குப் பயணமானார். அவர் இயக்கிய முதற்படம் இதுவே. அது சிறந்த ஆவணப் படத்திற்கான ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டதையும், சன்டான்ஸ் திரைப்பட விழாவில் இயக்கத்திற்கும் ஒளிப்பதிவிற்கும் பரிசு பெற்றதையும் இங்குக் குறித்துவிட்டு மேலே செல்வோம். பரிசுகளைக் கொண்டு ஒரு படத்தை நாம் மதிப்பதில்லை.

கணவர் வீழ்ந்த மண்ணை நோக்கிச் செல்லும் பயணமே படத்தின் முதுகெலும்பு. இடையிடையே பெண்கள் பேசுகின்றனர். அமெரிக்கப் பெண்களும் பேசுகின்றனர். வியட்நாமியப் பெண்களும் பேசுகின்றனர். இங்கேதான் அம்மையாரின் பெருமை நமக்குப் புலப்படுகிறது. தம் துயரைப் பேச வந்தவர், பெரும்பாலான நேரம் பிறர் பேசக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு மொழிபெயர்ப்பாளராக உடன்வந்த பெண்மணி வியட்நாமில் பிறந்தவர். அவரும் போரில் கணவரை இழந்தவர். தண்ணீர் எடுக்கச் சென்ற ஐந்து வயதுச் சிறுவன், தன் உறவினன், ஓர் அமெரிக்க வீரனின் துப்பாக்கிக்கு இரையானதைச் சிறுமியாகப் பதுங்கியிருந்து கண்டதை அவர் சொல்கிறார். சொல்பவரும் விதவை, கேட்பவரும் விதவை. கேட்பவரின் கணவரோ அந்தப் படையைச் சேர்ந்தவர். அக்கணத்தில் இசையைக் கொட்டி நம் கண்ணீரைக் கறந்திருக்கலாம். அம்மையார் அவ்வாறு செய்யவில்லை. மாறாக, தம் கணவரும் இத்தகைய செயல் எதனையேனும் செய்திருப்பாரோ என்ற கேள்வியை நோக்கித் தம்மைத் தாமே தள்ளிக்கொள்கிறார். கையறுநிலைப் பாட்டில் இறந்தவனின் வண்மையும் வீரமுமே பேசப்படும். அவன் கையால் மாண்டாரின் வீடு பேசப்படுவது அரிது. மரபை மீறும் இத்துணிவு, நேசித்தவரைக் குறைத்துக் காட்டவில்லை. அவரை ஒரு பதக்கத்திலிருந்து மீட்டு மனிதராக்குகிறது.

இனி நம் கேள்விக்கு வருவோம். இப்படத்தில் பேசும் அமெரிக்கப் பெண்களுள், கணவரைக் களத்தில் இழக்காதவர்களும் உளர். அவர்தம் கணவன்மார் உயிரோடு வீடு திரும்பினர், உற்றார் மகிழ்ந்தனர், போர் முடிந்தது என்றே அனைவரும் கருதினர். பின்னர் ஒருவர் நோயுற்று மாண்டார். 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் தென்வியட்நாமின் காடுகள் மீதும் வயல்கள் மீதும் 7 கோடி லிட்டருக்கும் மேற்பட்ட களைக்கொல்லிகளைத் தெளித்தன. 'ஏஜென்ட் ஆரஞ்சு' எனப்பட்டது அவற்றுள் பெரும்பங்கு. அதில் கலந்திருந்த டையாக்சின் என்னும் நஞ்சு மரத்தையும் மனிதரையும் பிரித்தறியவில்லை. தன் படையையும் பகைவர் படையையும் பிரித்தறியவில்லை. இந்நஞ்சினால் வந்தவை என்று சில நோய்களை ஏற்று, அவற்றுக்கு உதவித்தொகை அளிக்க அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1991-இல்தான். களைக்கொல்லி தெளிப்பது நின்று இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்னொரு பெண்ணின் கணவர் நோயால் மாளவில்லை. கண்முன் மீண்டும் மீண்டும் தோன்றிய போர்க்காட்சிகளைத் தாங்கவியலாமல், மனைவிக்கு அன்பு தெரிவித்துச் சிறு குறிப்பொன்று எழுதி வைத்துவிட்டுத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இவர்கள் வீட்டுக்குத் தந்தி வரவில்லை. அறிவிக்க வருந்துகிறோம் என்று எவரும் எழுதவில்லை. தலைநகரில் 1982-இல் எழுப்பப்பட்ட கருங்கல் சுவரில், போரில் இறந்தோர் பெயர்களுக்கிடையே இவர்தம் பெயர்களுக்கு இடமில்லை. இப்பெண்களையும் போரின் விதவைகளாக ஏற்று, களத்தில் கணவரை இழந்தோரோடு ஒரே வரிசையில் அமர்த்தியதே இப்படம் ஆற்றிய மிகப்பெரிய தொண்டு என்று நாம் கருதுகிறோம். முன்னாள் படைவீரருக்கு மருத்துவம் வேண்டும், மனநலத் துணை வேண்டும் என்று மேடையேறி முழங்காமலே, அதற்கான வழக்கை இப்படம் வலுவாக எடுத்துரைத்துவிடுகிறது.

நம் குறையும் இங்கேதான். இவ்வளவு கனமான செய்திக்கு அம்மையார் ஒதுக்கிய இடம் சிறிது. திரும்பி வந்த கணவனோடு அப்பெண் வாழ்ந்த ஆண்டுகள் எப்படி இருந்தன? இரவுகள் எப்படிக் கழிந்தன? மருத்துவமனை வாயிலில் அவளுக்கு என்ன சொன்னார்கள்? இவற்றை அறிய நம் நெஞ்சம் விழையும் வேளையில் படம் மீண்டும் தொடர்வண்டி ஏறிப் பசும் வயல்களுக்குப் போய்விடுகிறது. அந்த வயல்களும் மழையும் மூடுபனியும் அழகாகவே உள்ளன. சற்று மிகையாகவே அழகாக உள்ளன. இறந்தவனைத் தேடும் பயணம் ஒரு வடிவத்தைத் தானே கொண்டுவந்து தருகிறது. அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. உயிரோடு உள்ளவனைக் காப்பதற்கு அத்தகைய முடிவு ஏது? திரைக்கலை முதலாவதை விரும்புவதில் வியப்பில்லை.

நம் தமிழ்ப் படங்கள் மட்டும் என்ன? அவற்றில் படைவீரன் பெரும்பாலும் தகரப்பெட்டியோடு விடுமுறைக்கு வருவான், பாட்டொன்று பாடுவான், பின்னர்ச் செய்தியாக வருவான். அவன் திரும்பிவந்து பத்தாண்டு கழிந்தபின் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைக் காட்ட எவர்க்கும் நேரம் கிடைப்பதில்லை.

அத்திண்ணையை ஒருவர் காட்டினார். காட்டியதற்காக அவர் படம் முப்பத்தைந்து ஆண்டுகள் பூட்டிவைக்கப்பட்டது. ஜான் ஹியூஸ்டன் புகழ்பெற்ற இயக்குநர். இரண்டாம் உலகப் போரின்போது படைப்பிரிவில் சேர்ந்து மூன்று ஆவணப் படங்களை உருவாக்கினார். இத்தாலியப் போர்முனையில் இறந்த இளைஞரின் உடல்கள் துணியுறைகளில் இடப்படுவதைப் படம்பிடித்தவர், 1945-இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் இருந்த மேசன் படை மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். மனம் நொந்து திரும்பிய வீரர்கள் அங்குச் சிகிச்சை பெற்றனர். இவர்கள் பித்தர் அல்லர், வேலைக்கு ஏற்றுக்கொள்ளத்தக்கவர் என்று முதலாளிகளுக்கும் ஊராருக்கும் உணர்த்த வேண்டும் என்பதே படைத்துறை அவருக்கு இட்ட பணி. எனவே, 'லெட் தேர் பி லைட்' என்னும் அப்படம், பிறப்பிலேயே முன்னாள் படைவீரருக்காகப் பரிந்து பேச வந்த படம். 'ஒளி உண்டாகட்டும்' என்பது அத்தலைப்பின் பொருள்.

போரில் ஊறுபட்டோருள் ஐவரில் ஒருவருக்கு ஊறு மனத்தில் நேர்ந்தது என்று படம் தொடக்கத்திலேயே கூறுகிறது. கப்பலிலிருந்து இறங்கும் வீரர்கள், மருத்துவர் எதிரே ஒவ்வொருவராக அமர்கின்றனர். காமிரா அசையாமல் நிற்கிறது. ஒரு கருப்பின வீரர், தம் காதலியின் ஒளிப்படம் வந்த செய்தியைச் சொல்லப் புகுந்து, சொற்கள் உடைந்து அழுகிறார். ஒருவர் கால்களில் ஊறு எதுவும் இல்லாமலே நடக்கவியலாதவர். ஒருவர் நா எழாமல் திக்குகிறார். ஒருவர் ஒக்கினாவாத் தீவில் நடந்த போருக்குப்பின் தம் பெயரையே மறந்துவிட்டார். அந்நாளில் அமெரிக்கப் படைப்பிரிவுகளில் வெள்ளையரும் கருப்பரும் தனித்தனியே பிரிக்கப்பட்டிருந்தனர்; பிரிவினையை நீக்கும் ஆணை 1948-இல்தான் பிறந்தது. ஆனால் இம்மருத்துவமனையின் கூடத்தில் அவர்கள் ஒருங்கே அமர்ந்து, ஒரே துயரைப் பேசுவதைக் காண்கிறோம்.

படத்தின் பின்பாதியில் நமக்கு மாறுபாடு உண்டு. ஊசி ஒன்று போட்டதும் நடக்கவியலாதவர் எழுந்து நடக்கிறார். திக்கியவர் பேச்சு வந்துவிட்டது என்று மகிழ்ந்து கூவுகிறார். அறிதுயிலில் ஆழ்ந்தவருக்கு நினைவு மீள்கிறது. எட்டுப் பத்து வாரங்களில் பந்து விளையாடிப் பேருந்தில் ஏறி வீடு செல்கின்றனர். இயக்குநரின் தந்தையும் புகழ்பெற்ற நடிகருமான வால்டர் ஹியூஸ்டன் பின்னிருந்து ஒலிக்கும் குரலில் நம்பிக்கை ஊட்டுகிறார். அக்குரல் கூறுவதை நாம் நம்பினோம் இல்லை. முன்பாதியில் அந்த முகங்களை நமக்குக் காட்டிய காமிராவே நம்மை நம்பவிடாமல் தடுக்கிறது. அப்பேருந்து எங்குச் சென்றது, ஆறு திங்கள் கழித்து அவ்வீடுகளில் இரவு எவ்வாறு கழிந்தது என்பதைப் படம் சொல்லவில்லை. சோன்னபார்ன் அம்மையாரின் படத்தில் கணவரின் குறிப்பைக் கண்டெடுத்த அப்பெண், வேறொரு போரைச் சேர்ந்தவராயினும், அந்தப் பேருந்து சென்று நின்ற இடத்திலிருந்து பேசுபவர் போலவே நமக்குத் தோன்றுகிறார்.

இவ்வளவு நம்பிக்கை கூறிய படத்தையும் படைத்துறை பொறுத்துக்கொள்ளவில்லை. 1946-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் திரையிடவிருந்த வேளையில் படைக் காவலர் வந்து பிரதியைக் கைப்பற்றினர். நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று காரணம் கூறப்பட்டது. வீரர்கள் கையொப்பமிட்டு இசைவு அளித்திருந்தனர் என்றும், போருக்குச் சென்றவன் வலிமை பெற்றே திரும்புவான் என்னும் கட்டுக்கதையைக் காப்பதே உண்மைக் காரணம் என்றும் ஹியூஸ்டன் கருதினார். பின்னர்ப் படைத்துறை 1948-இல் நடிகர்களைக் கொண்டு 'ஷேட்ஸ் ஆஃப் கிரே' என்று வேறொரு படத்தை எடுத்தது. அதில் கருப்பின முகங்கள் ஏறத்தாழ மறைந்துவிட்டன. நோய்க்குக் காரணம் போர் என்பதனினும் வளர்ப்பு என்பதே மேலோங்கி நின்றது. எதற்கு அஞ்சினர் என்பதை இம்மாற்றமே காட்டிக்கொடுக்கிறது.

எனினும் அந்தரங்கம் என்னும் வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிடலாகாது. சொல்லிழந்து அழும் மனிதன் முன் காமிராவை நிறுத்த நமக்கு என்ன உரிமை? அவன் இட்ட கையொப்பம் நோயுற்ற வேளையில் இட்டதன்றோ? ஊர் திரும்பியபின் அவன் மகன் அப்படத்தைக் கண்டால்? இக்கேள்விகளுக்கு ஹியூஸ்டன் நிறைவான விடை கூறியதாகத் தெரியவில்லை. சோன்னபார்ன் அம்மையாரின் படத்தில் இச்சிக்கல் எழவில்லை. ஏனெனில் அங்குக் கேட்பவரும் சொல்பவரும் ஒரே துயரின் இருபுறம் அமர்ந்திருக்கின்றனர். கேட்பவர் தம் புண்ணை முதலில் திறந்து காட்டிவிட்டார். துயருற்றவர் எடுக்கும் படத்திற்கு உள்ள தனி உரிமை இதுவென்றே நாம் நினைக்கிறோம். தொழில்திறத்தில் ஹியூஸ்டன் அவரினும் பன்மடங்கு உயர்ந்தவர்தாம். ஆனால் தொடாக்காஞ்சி பாடுபவள் மருத்துவச்சி அல்லள். அந்த வீட்டுக்கு உரியவள்.

ஹியூஸ்டனின் படம் 1980 இறுதியில் விடுவிக்கப்பெற்று 1981-இல் பொதுமக்கள் கண்ணுக்கு எட்டியது. அதே 1980-இல்தான் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில், போர் முதலிய பேரதிர்ச்சிகளுக்குப் பின் நேரும் மன அழுத்தக் கோளாறு தனிப் பெயர் பெற்றது. அதற்கு முந்திய ஆண்டில்தான் வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்கள் வந்து மனம்விட்டுப் பேசுவதற்கான நிலையங்களை அமைக்க அந்நாட்டில் சட்டம் பிறந்தது. இரண்டையும் பெற்றுத் தந்தவர்கள் முன்னாள் படைவீரர்களும் அவர்கள் பக்கம் நின்ற மருத்துவர் சிலருமே, படமன்று. படம் அப்போது பெட்டிக்குள் கிடந்தது. 1946-இலேயே அது வெளிவந்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா என்று சிலர் வினவுவர். நாம் அவ்வளவு தூரம் செல்ல விரும்பவில்லை. ஆயினும், கொரியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் திரும்பிய கணவனின் அலறல் கேட்டு நள்ளிரவில் விழித்த ஒரு பெண், இது தன் வீட்டில் மட்டும் நிகழ்வதன்று என்றேனும் அறிந்திருப்பாள்.

ஹியூஸ்டன் படம் தடைபட்ட அதே 1946-இல் மற்றொரு படம் தடையின்றி ஓடிப் பெரும்புகழ் பெற்றதையும் சொல்லியாக வேண்டும். வில்லியம் வைலர் இயக்கிய 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' என்பது அது. வைலரும் போர்விமானங்களில் பறந்து படமெடுத்துச் செவிப்புலன் இழந்து திரும்பியவர். வீடு திரும்பும் மூன்று வீரர் கதையில், இருகைகளையும் இழந்த மாலுமியாக நடித்த ஹெரால்ட் ரஸ்ஸல் தொழில்முறை நடிகர் அல்லர். 1944-இல் படைப்பயிற்சியின்போது வெடிவிபத்தில் உண்மையிலேயே இருகைகளையும் இழந்தவர். படுக்கப் போகும் வேளையில், கொக்கிக் கைகளைக் கழற்றியபின் தனக்கு எதுவும் இயலாது என்பதைத் தன்னை மணக்கவிருக்கும் பெண்ணுக்கு அவன் காட்டுகிறான். அவளோ இரவுச் சட்டைக்குப் பொத்தானிட்டுப் போர்வையை இழுத்து மூடிவிடுகிறாள். அரிசில்கிழார் அக்காட்சியைக் கண்டிருந்தால் தம் துறையை உடனே இனங்கண்டிருப்பார்.

அவ்வொரு படத்திற்காக ரஸ்ஸல் இரண்டு ஆஸ்கார் பரிசுகள் பெற்றார். துணை நடிகருக்கான பரிசு ஒன்று. சக முன்னாள் படைவீரர்களுக்கு நம்பிக்கையும் துணிவும் ஊட்டியமைக்கான சிறப்புப் பரிசு மற்றொன்று. திரைத்துறையில் பெரிதும் தங்காமல், முன்னாள் படைவீரர் சங்கப் பணியிலும், உடற்குறை உடையோருக்கு வேலை தேடித்தரும் அரசுக் குழுவின் தலைமையிலும் பல்லாண்டுகளைச் செலவிட்டார். 1992-இல், சோன்னபார்ன் அம்மையார் வியட்நாம் சென்ற அதே ஆண்டில், மனைவியின் மருத்துவச் செலவுக்காக ஆஸ்கார் சிலையை ஏலத்தில் விற்றார். 60,500 டாலர் கிடைத்தது. அவர் விற்றது நடிப்புக்காகக் கிடைத்த சிலை. மற்றதை அவர் ஏலத்திற்குக் கொண்டுவரவில்லை.